மகுடத்துக்கு மருந்து போட்டவன்

முன்னொரு காலத்தில், எண்ணெய் மலிந்து ராஜாக்களும் மலிந்திருந்த நாளில், ஒரு ராஜா இருந்தார். மகுடம் இல்லாவிட்டால் குள்ளமாகத் தெரிவதாக எவனோ சொல்லிவிட்டானாம். அன்றிலிருந்து தூங்கும்போதும் மகுடத்தைக் கழற்றமாட்டார்.

விளைவு? தலை வறண்டு, பொடுகு உதிர்ந்து, நெற்றியெல்லாம் தடிப்பு. ராஜவைத்தியர் மருதவாணர் தினமும் மூலிகை எண்ணெய் தேய்ப்பார். தேய்த்த கையோடு மகுடம் ஏறிவிடும். அரிப்பு மட்டும் இறங்கவில்லை.

ஒருநாள் சபையில் ராஜா செங்கோலை மகுடத்துக்குள் விட்டுச் சொறிந்தார். விகடகவி ஏகம்பனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன்மேல் வெகுநாளாய்ப் பொறாமை கொண்ட மருதவாணர் சும்மா இருப்பாரா?

"அரசே! சிரிக்கத் தெரிந்தவன் குணப்படுத்தட்டுமே! ஆனால் ராஜவைத்தியன் கை தவிர வேறு கை தங்கள் சிரசைத் தீண்டக்கூடாது என்பது குலவழக்கம்."

"அப்படியே ஆகட்டும். என் தலையைத் தொடாமல் ஒரு மண்டலத்துக்குள் குணமாக்கு. இல்லையேல் குடும்பத்தோடு நாடு கடத்துவேன்!" என்றார் ராஜா.

வீட்டில் மனைவி நாச்சியார் தலையில் அடித்துக்கொண்டாள். "உம்ம வாய்க்கு ஒரு பூட்டுப் போடக்கூடாதா? பச்சைப்புள்ளையத் தூக்கிட்டு நான் எந்தக் காட்டுக்குப் போவேன்?"

ஏகம்பனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் பெரிய உருளி நிறைய நல்லெண்ணெயோடு சபைக்கு வந்தான். "அரசே, தங்கள் சிரசைத் தொடமாட்டேன். மகுடத்தைத் தொடலாமா?"

"அதற்குத் தடையில்லை."

ராஜா கழற்றிக் கொடுத்ததுதான் தாமதம், தொபுக்கென்று மகுடத்தை எண்ணெயில் போட்டான்! சபையே 'ஐயையோ' என்றது.

"நோய் மகுடத்துக்குத்தான், அரசே. நாற்பத்தெட்டு நாள் ஊறவேண்டும். நடுவில் எடுத்தால் மருந்து முறிந்துவிடும். வைத்தியர் வழக்கம்போலத் தலைக்குத் தேய்க்கட்டும்."

ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு வெறுந்தலையோடு உலவினார். காற்றுப் பட்டது, எண்ணெய் ஊறியது, சீயக்காய் அலசியது. பத்தாம் நாள் அரிப்பு நின்றது. மண்டலம் முடிவதற்குள் தடிப்பும் மறைந்தது.

மருதவாணர் துள்ளினார். "குணமாக்கியது என் எண்ணெய்! இவன் மருந்து போட்டது மகுடத்துக்கு!"

"வாஸ்தவம். உங்கள் எண்ணெய் அருமையான எண்ணெய்" என்றான் ஏகம்பன். "அதை மகுடத்துக்குள் வைத்து இத்தனை நாள் அவித்துவிட்டோம், அவ்வளவுதான். 'கழற்றுங்கள்' என்று அரசரிடம் சொல்ல உங்களுக்குப் பயம். எனக்கும் பயம்தான், சுவாமி. அதனால்தான் நோயை மகுடத்தின் தலையில் கட்டினேன்!"

ராஜா எண்ணெய் சொட்டும் மகுடத்தைப் பார்த்தார், வைத்தியரைப் பார்த்தார். பிறகு தொந்தி குலுங்கச் சிரித்தார்.

வைத்தியருக்கு ஒரு பட்டுச் சால்வை கிடைத்தது. ஏகம்பனுக்கு ஆற்றங்கரையில் நஞ்செய் நிலமும், அரசரைப் பார்த்து எந்த நேரமும் சிரிக்கும் உரிமையும் கிடைத்தன. "அடேய், இனி என் தலையில் என்ன கோளாறென்றாலும் பயப்படாமல் சொல்" என்றார் ராஜா, வெறுந்தலையைச் சுகமாகத் தடவிக்கொண்டே.