நேற்று நாற்காலி

"மிஸ், ஒரே பேச்சுக்குள்ள நான் ரெண்டு நாள்ல நிக்கிறேன். இதுக்கு மருந்து இருக்கா?"

கேட்டவர் சிவக்கொழுந்து. அரிசி ஆலையில் உழைத்து ஓய்ந்தவர். அவர் முன்னால் நின்ற ஷமீமா, அறந்தாங்கியில் சைக்கிள் கடைக்கு மேலே ஆங்கில வகுப்பு நடத்துகிறவள். அவருக்கு மகள் வயது.

அவருக்கும் ஒரு மகள். மங்கை. கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போனவள், அங்கே மாடியிலிருந்து விழுந்து செத்துப்போனாள்.

தானாகத் தவறி விழுந்தாள், நான் வீட்டிலேயே இல்லை என்றான் புருஷன்.

விழுவதற்குச் சற்று முன்னால் அவள் அப்பாவுக்குப் போன் செய்திருந்தாள். அந்தப் பேச்சைத்தான் அந்த நாட்டு விசாரணையில், வீடியோவில், அவர் சொல்ல வேண்டியிருந்தது.

"போன தடவை என்ன ஆச்சு ஐயா?"

"'ஷி கால்டு மீ. ஷி இஸ் கிரையிங்'னேன். 'இப்போ அழுறாங்களா, உங்க பக்கத்துல இருக்காங்களா'ன்னு அந்த அதிகாரியம்மா கேட்டுச்சு. ஆமான்னுட்டேன்."

ஷமீமா கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"வியாழக்கிழமை மறுபடி கேப்பாங்க. அப்பவும் குழப்புனா, அவன் சொன்னதை வச்சே முடிச்சுருவாங்களாம்."

"மொழிபெயர்க்க ஆள் தருவாங்களே?"

"தருவாங்க. எம் பொண்ணு எங்கிட்ட சொன்னது மிஸ். இன்னொருத்தன் வாயில எதுக்கு?"

அவள் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். சுவரோரம் ஒன்று, சன்னலோரம் ஒன்று.

"சுவரோரம் இருக்கறது நேத்து. சன்னல் பக்கம் இன்னிக்கு. நேத்துல உக்காந்து சொல்லுங்க. வார்த்தை இன்னிக்குத் தாவுனா, நீங்களும் எந்திரிச்சு அங்க போயிரணும்."

அவர் உட்கார்ந்தார்.

"ஷி கால்டு மீ."

"ம்."

"ஷி இஸ் கிரையிங்."

எழுந்து போனார்.

"ஐ டோல்டு, கம் ஹோம்."

திரும்பி வந்தார்.

"ஷி செஸ், அப்பா, ஹி இஸ் நியர் தி டோர்."

சொல்லும்போதே அவர் கண் வகுப்பின் கதவுக்குப் போனது. அங்கே யாரும் இல்லை. மறுபடி எழுந்தார்.

"மூட்டை தூக்குனப்பகூட இவ்வளவு எந்திரிக்கல மிஸ்."

"மூட்டை பேசாது. பேச்சை மாத்தாம உக்காருங்க."

அன்றைக்கு முழுக்க நடந்தார். மறுநாளும் நடந்தார். முழங்கால் வீங்கியது. வைத்தியம் எண்ணெய்தான், வேறென்ன.

புதன்கிழமை சாயங்காலம், மற்றவர்கள் போன பிறகு, சுவரோர நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"ஷி கால்டு மீ. ஷி வாஸ் கிரையிங். ஐ டோல்டு ஹர் டு கம் ஹோம். ஷி செட் ஹி வாஸ் நியர் தி டோர்."

ஒரு தடவைகூட எழவில்லை. கண்ணைத் திறந்தபோது கதவுப் பக்கம் பார்க்கவும் இல்லை.

"தப்பே இல்ல ஐயா. நாளைக்கு இப்படியே சொல்லுங்க. யாரும் குழப்ப முடியாது. அவன் அங்கதான் இருந்தான்னு ஆயிரும்."

"ஆயிரும்."

வகுப்பு முடிந்துவிட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன ஐயா?"

"தப்புத் தப்பா சொன்னப்ப அவ லைன்ல இருந்தா மிஸ்."

உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

"இப்ப வச்சுட்டா."

பலகையைத் துடைக்கப் போன ஷமீமா துடைக்கவில்லை. கீழே யாரோ டயருக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டது. அதுவும் நின்றது.

அவள் வந்து, அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"மங்கை என்ன சொல்றா ஐயா?"