கரைகண்ட நாதரைத் திட்டிய சடைச்சியார்

வெண்கரை என்னும் கடலோர ஊரில், காளவாய் என்னும் சுண்ணாம்புச் சூளையில் கிளிஞ்சல் சுட்டுப் பிழைத்தவர் சடைச்சியார். சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் கொட்டி நீர் விட்டால் அது புகைந்து கொதித்துச் சுண்ணாம்பாகும். அந்த ஆவியில் அவர் கண்கள் எப்போதும் சிவந்திருந்தன. விரல்களின் தோல் உரிந்து உரிந்து தடித்துப் போயிருந்தது. கணவரை இழந்தவர். விடியலில் குளித்து, ஈரப் புடவையோடு கரைகண்ட நாதர் சந்நிதிக்கு நேரே நின்று கும்பிட்ட பிறகே வேலைக்குப் போவார். வேண்டுதல் எதுவும் கிடையாது. "வந்துட்டேம்ப்பா" என்பார். அவர் அறிந்த மந்திரம் அவ்வளவுதான்.

குடமுழுக்குக்காகக் கோபுரத்துக்கு வெள்ளை அடிக்க நிறையச் சுண்ணாம்பு வேண்டியிருந்தது. கோயில் தர்மகர்த்தா வைத்திலிங்கமே காளவாய்க்கும் முதலாளி. பிள்ளைகள் ஓடித் திரியும் இடம், தொட்டியைச் சுற்றி ஒரு சுவர் வையுங்கள் என்று சடைச்சியார் பலமுறை கேட்டிருந்தார். குடமுழுக்கு முடியட்டும் என்று முதலாளி தள்ளிப்போட்டார். ஒருநாள் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுவந்த மகள் அஞ்சலை, கால் வழுக்கிக் கொதிக்கும் தொட்டிக்குள் விழுந்தாள். தூக்கிக் கரையில் கிடத்தியபோது உயிர் இல்லை.

மடத்துத் தம்பிரான் துக்கம் கேட்க வந்தார். எல்லாம் முற்பிறவி வினை என்று தேற்றினார்.

"போன பிறவியில எம்மவ என்ன செஞ்சா சாமி?" என்று கேட்டார் சடைச்சியார்.

அது ஈசன் ஒருவனுக்கே தெரியும் என்றார் தம்பிரான்.

"அப்ப அவங்கிட்டயே கேட்டுக்கறேன்."

அன்று தொடங்கியது அவருடைய தேடல். உண்மை அறிந்தவர் என்று யாரைச் சொன்னாலும் நடந்தே போய்க் கேட்டார். குன்றின்மேல் தவமிருந்த துறவி, பிறந்தவரும் இல்லை, இறந்தவரும் இல்லை, காண்பதெல்லாம் தோற்றம் என்றார். "அவ வெந்தத நீங்க பாக்கல சாமி" என்று சொல்லிவிட்டு, அவர் கொடுத்த திருநீற்றையும் வாங்காமல் இறங்கி வந்தார் சடைச்சியார்.

பிறகு வேறெங்கும் போகவில்லை. தினமும் கொடிமரத்தடியில் நின்று நாதரைத் திட்டினார். "உன் கோபுரம் வெளுக்கணும்னு எம்மவ உசுரு கேட்டியா? கண்ண மூடிக்கிட்டா உக்காந்திருந்த? வாயத் தொறந்து சொல்லு" என்று தொண்டை கட்டும் வரை கேட்பார். வந்தவர்கள் சிரித்தார்கள். பைத்தியம் என்றார்கள். இத்தனை ஆத்திரம் இருந்தால் சாமியே இல்லை என்று விட்டுவிட வேண்டியதுதானே என்று பூக்காரி கேட்டாள்.

"இல்லாதவங்கிட்ட எவளாவது சண்டைக்கு வருவாளா?" என்றார் சடைச்சியார்.

தர்மகர்த்தாவுக்குப் பொறுக்கவில்லை. வசைபாடுகிறவள் வாசல் மிதிக்கக் கூடாது என்று காவலாளிக்கு உத்தரவிட்டார். மறுநாள் காலை காவலாளி தள்ளியதில் சடைச்சியார் படியில் விழுந்தார். நெற்றி உடைந்து ரத்தம் வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை. தெருவில் நின்றபடியே, விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.

அன்று உச்சிக்கால பூசையில் சபேச குருக்கள் நாதர் திருமேனியில் பால் சொரிந்தார். பால் கொதித்துப் பொங்கியது. சாத்திய சந்தனம் காய்ந்து வெடித்து உதிர்ந்தது. குடம் குடமாக நீர் ஊற்றியும் அத்தனையும் ஆவியாயிற்று. விரல்களில் கொப்புளம் எழும்ப வெளியே ஓடிவந்த குருக்களின் காதில், தெருவிலிருந்து வந்த அந்தக் குரல் விழுந்தது. தர்மகர்த்தா தடுத்தும் கேளாமல் போய், "அம்மா, உள்ளே வாங்கோ" என்று கைகூப்பி அழைத்துவந்தார்.

சடைச்சியார் கருவறைப் படியில் நின்றார். முகத்தில் அடித்த ஆவி அவருக்குப் பழகிய ஆவி. சுண்ணாம்பு வேகும் வாடை அது. திருமேனியைப் பார்த்தார்.

"நீயும் அவகூடத் தொட்டியிலதான் கெடந்தியாப்பா?" என்று கேட்டார். தேடித் திரிந்த விடை அதுதான் என்று கேட்கும்போதே அவருக்குத் தெரிந்தது. நாதர் மேலிருந்து தண்டிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருக்கவும் இல்லை. குழந்தையோடு குழந்தையாக வெந்திருக்கிறார். அன்றிலிருந்து வெந்துகொண்டே இருக்கிறார். சடைச்சியார் தன் கையால் ஒரு குடம் நீரை அள்ளி ஊற்றினார். ஆவி அடங்கிக் கருவறை குளிர்ந்தது.

அவர் கோபம் மட்டும் குளிரவில்லை. திரும்பித் தர்மகர்த்தாவைப் பார்த்தார். "எம்மவ உசுர சாமி எடுக்கல, வினையும் எடுக்கல. சுவர் வைக்காம நீங்க எடுத்தீங்க. அந்தப் பழியையும் இவன் தலையில போட்டு, என் வாயாலயே இவனத் திட்ட வச்சீங்க."

சுற்றி நின்றவர்களின் முகங்களைக் கண்டு வைத்திலிங்கம் தலைகுனிந்தார். அடுத்த நாள் தொட்டியைச் சுற்றிச் சுவர் எழும்பியது. அதனால் சடைச்சியார் அவரை மன்னித்தார் என்று யாரும் சொல்லவில்லை.

அதன் பின்னும் சடைச்சியார் தினமும் கோயிலுக்கு வந்தார். ஊரில் எங்கு அநியாயம் நடந்தாலும் நாதருக்கு முன்னால் நின்று உரக்க முறையிட்டார். ஒருவரும் தடுக்கவில்லை. ஈசனோடு சண்டையிட்டு ஈசனையே கண்டுகொண்ட சடைச்சியாரின் சினந்த திருவாய் வாழ்க.