புளியமரத்தில் மாட்டாத வாள்

முன்னொரு காலத்தில் நெடும்பனையூர்ச் சீமையைச் சூரகேசரி என்று ஒரு ராஜா ஆண்டான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மத்தியானம் ஒரு புத்தி. கடைசியாக யார் காதில் ஓதினார்களோ அவர்கள் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம்.

அந்த ஊரில் காத்தாயி கள்ளுக்கடை வைத்திருந்தாள். அவள் புருஷன் அதே கடைக்குள் யாரோ இரண்டு பேர் சண்டையை விலக்கப் போய்க் கத்திக்குத்துப்பட்டுச் செத்தவன். அன்றிலிருந்து கடையில் இரண்டே விதி. அரிவாளோ கத்தியோ வாளோ, எதுவானாலும் வாசல் புளியமரத்தில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். யாராக இருந்தாலும் மூன்று மொந்தைக் கள்ளுதான். பன்னிரண்டு வருஷமாக அங்கே ஒருத்தனுக்கும் ஒரு கீறல் விழவில்லை.

ஒரு திங்கட்கிழமை தளபதி வெற்றிமல்லன் இடுப்பில் வாளோடு வந்து நின்றான்.

"வாளை மரத்துல மாட்டிட்டு வாங்க அய்யா."

"நான் யார் தெரியுமா?"

"தெரியுமே, தளபதி. அதான் 'அய்யா'ன்னேன். மாட்டிட்டு வாங்க."

குடிக்க வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். வந்ததே கோபம் வெற்றிமல்லனுக்கு! நேரே அரண்மனைக்குப் போய், "மகாராஜா, நீங்கள் கொடுத்த வாளை ஒரு கள்ளுக்காரி மரத்தில் தொங்கவிடச் சொல்கிறாள். இது உங்கள் ராஜ்யமா, அவள் ராஜ்யமா?" என்று ஊதிவிட்டான்.

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "எழுதும், மந்திரி! என் சீமையில் எந்த வாசல்காரரும் உள்ளே வருகிறவர்களுக்கு விதி போடக்கூடாது!"

மந்திரி ஆலாலசுந்தரம் மகா கெட்டிக்காரர். ஓலையில் எழுத்தாணி ஓடும்போதே இந்த உத்தரவை எப்படிக் கவிழ்ப்பதென்று அவருக்கு யோசனை வந்துவிட்டது. அப்போதே செய்திருக்கலாம். ஆனால் அன்றைக்குச் சபையில் பத்துப் பேர்கூட இல்லை. வெள்ளிக்கிழமை பெரிய சபை, பக்கத்துத் தேசத்துத் தூதர்களெல்லாம் வருவார்கள். 'அன்றைக்கு வைத்துக்கொள்வோம், நாலு பேர் பார்க்கட்டும்' என்று மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு இந்த இடத்தில்தான் அந்த மனுஷன்மேல் ஆற்றாமை பொங்கிக்கொண்டு வரும். என்ன செய்ய!

புதன்கிழமை மத்தியானம் வெற்றிமல்லன் வாளோடு கடைக்குள் வந்தான். தடுக்கக் காத்தாயிக்கு உரிமை இல்லை. ஐந்தாவது மொந்தையும் உள்ளே போனது. மூலையில் உட்கார்ந்திருந்த தவில்காரர் பக்கிரியைப் பார்த்து, "டேய், என் பேரைச் சொல்லித் தவில் வாசிடா!" என்றான்.

"கள்ளுக்கடையில தவிலைத் தொடமாட்டேனுங்க. காலையில கோயில்ல வாசிக்கிறேன், வந்து கேளுங்க," என்றார் பக்கிரி.

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் வாள் உருவியாகிவிட்டது. பக்கிரியின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

வெள்ளிக்கிழமை சபை கூடியது. தூதர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். திடீரென்று வாசலில் ஒரே களேபரம். பனையேறிகள் பாளை சீவும் அரிவாளோடும், உழவர்கள் சேற்றுக்காலோடும் வந்து, வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு சிம்மாசனப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். காத்தாயியும் இருந்தாள், பக்கிரியும் இருந்தார்.

ராஜா துள்ளி எழுந்தான். "யார் இவர்களை உள்ளே விட்டது?"

"தங்கள் உத்தரவு மகாராஜா," என்று மந்திரி ஓலையை நீட்டினார். "எந்த வாசல்காரரும் விதி போடக்கூடாது."

"இது என் சபை! இங்கே எப்படி வரவேண்டும், எங்கே உட்காரவேண்டும் என்று நான்தான் சொல்வேன்!"

"அதைத்தானே மகாராஜா காத்தாயியும் சொன்னாள்?"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜாவின் கண் பக்கிரியின் வெட்டுப்பட்ட கையில் சுற்றியிருந்த துணிக்கட்டில் விழுந்தது. அவன் மட்டும் சிரிக்கவில்லை. ஓலையை வாங்கிக் கிழித்துவிட்டு, பக்கத்தில் நின்ற தளபதியைப் பார்த்தான்.

"வெற்றிமல்லா, வாளைக் கழற்று. இனி நீ தளபதி இல்லை. காத்தாயி கடைப் புளியமரத்தடியில் ஒரு வருஷம் உட்கார்ந்து எல்லார் அரிவாளுக்கும் காவல் இரு."

"வேண்டாம் மகாராசா," என்றாள் காத்தாயி. "இந்த ஆள் என் வாசல்ல வேண்டாம். யார் வரணும்னு நான்தானே சொல்லணும்?"

"ஆமாம் தாயே, நீதான் சொல்லணும்," என்று தலை குனிந்த ராஜா, வெற்றிமல்லனைச் சீமையை விட்டே துரத்தினான். பக்கிரிக்கு ஆயுசுக்கும் அரண்மனைச் சோறு என்றான். பிறகு தன் கழுத்துத் தங்கச் சங்கிலியைக் கழற்றி மந்திரி கழுத்தில் போட்டான். தூதர்கள் ஆகா ஓகோ என்றார்கள். மந்திரி ஆசைப்பட்டபடியே எல்லாரும் பார்த்தார்கள்.

படி இறங்கும்போது காத்தாயி மந்திரியைக் கேட்டாள்: "சாமி, இந்த யோசனை உங்களுக்கு எப்ப வந்துச்சு?"

மந்திரிக்குப் பொய் வாயில் வரவில்லை. "திங்கட்கிழமை."

"திங்கட்கிழமையேவா?" அவள் பக்கிரியைத் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான்.

மந்திரி சங்கிலியைக் கழற்றிப் பக்கிரியிடம் நீட்டினார். "என் தப்பு பக்கிரி. இதை நீயே போட்டுக்கொள்."

பக்கிரி அதை இடது கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு திருப்பி நீட்டினார்.

"நீங்களே மாட்டிவிடுங்க அய்யா. கொக்கி போட ரெண்டு கை வேணும்."