விழுந்து விழுந்து எழுந்த வாத்தியார்

கிட்ட வந்து உக்காருங்க, கொட்டாவி விடறவங்களும்தான். ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால, ஜப்பான் தேசத்துல சோகிச்சின்னு ஒரு வாத்தியார் இருந்தாரு. ஆளு முருங்கைக்காய் மாதிரி. அவரு சொல்லிக்குடுத்த வித்தை ஜுஜுட்சு. கத்தி இல்ல, கம்பு இல்ல, வெறுங்கையால ஆளைத் தூக்கிப் போடறது.

அவரோட குருவுக்குக் குரு காலத்துலேர்ந்து அங்க ஒரு வழக்கம். சீடன் தூக்கிப் போடணும், வாத்தியார் விழணும். தச்சன் போட்டான், தொப். மீன்காரன் போட்டான், தொப். தும்மினா பறந்துடற மாதிரி ஒரு தையக்காரன், அவன் போட்டாலும் தொப்.

சாயங்காலம் வீட்டுக்காரி ஒசாத்தோ அவர் முதுகு மண்ணைத் தட்டிக்கிட்டே, "இன்னிக்கும் எல்லார்கிட்டயும் தோத்தாச்சா"ம்பா.

"ஒருத்தர் பாக்கியில்லாம"ன்னு அவரு சிரிப்பாரு.

ஒரு நாள் குமாசோங்கற மல்லன் வேலி வழியா இதைப் பாத்துட்டான். எருமை எழுந்து ரெண்டு கால்ல நின்ன மாதிரி இருப்பான். பொறந்ததுலேர்ந்து கீழ விழுந்ததே இல்லைன்னு ஊர் ஊராச் சொல்லித் திரிஞ்சவன்.

"யோவ் வாத்தியாரே, விழறதுக்கு ஒரு பள்ளிக்கூடமா? வாசலுக்கு வா, மோதுவோம். யாரு 'போதும்'னு சொல்றானோ அவன் தோத்தான். நீ தோத்தா உன் பேர்ப்பலகை என் அடுப்புக்கு. பள்ளிக்கூடத்தை மூடிடணும்."

அது குரு கையால எழுதுன பலகை. பள்ளிக்கூடம் போனா, அத்தனை பேர் காப்பாத்தித் தந்த வித்தையும் போச்சு. ஆனாலும் சோகிச்சி வாசலுக்கு வந்து நின்னாரு.

குமாசோ தூக்கிப் போட்டான். தொப். எழுந்தாரு. "இடுப்பை இன்னும் கொஞ்சம் தாழ்த்துங்க தம்பி."

மறுபடி போட்டான். தொப். எழுந்தாரு. "இப்பத் தேவலை. மூச்சைத்தான் புடிச்சு வச்சிருக்கீங்க."

ஒசாத்தோ தலையில அடிச்சுக்கிட்டா. "சண்டைக்கு வந்தவனுக்கும் பாடம் எடுக்கறாரு பாரு."

மூணாவது தடவை குமாசோ ஆத்திரத்துல வீசுனான் பாருங்க, வாத்தியார் அவன் சட்டையை விடவே இல்ல. ரெண்டு பேரும் சேர்ந்தே போனாங்க. அவரு பூனை மாதிரி உருண்டாரு. இவனுக்கு விழத் தெரியாதே, மரம் சாயற மாதிரி மல்லாக்கச் சாஞ்சான். பின்மண்டை நேரா வாசக்கல்லுக்கு.

மண்டைக்கும் கல்லுக்கும் நடுவுல ஒரு கை வந்துச்சு. வாத்தியாரோட கை.

குமாசோ படுத்தபடியே அந்தக் கையைப் பாத்தான். பணியாரம் மாதிரி வீங்கிக்கிட்டு இருந்துச்சு.

"போதும்"னான், சின்னக் குரல்ல.

மறுநாள் காலையில முதல் ஆளா வந்து நின்னவன் அவன்தான். "எனக்கு விழக் கத்துக்குடுங்க."

"அது ஒண்ணும் பெரிசில்ல"ன்னாரு சோகிச்சி. "முதல்ல என்னைத் தூக்கிப் போட்டுப் பாருங்க."

அதனால சொல்றேன், அடுத்தவங்க கத்துக்கணும்னு ஆசையா விழறவரை எந்தப் பலசாலியாலயும் தோக்கடிக்க முடியாது.