சிவப்பு விளக்குக்கு வைத்த பொட்டு

தேன்பாறைக் காட்டில் ஒரு கரடி கார் ஓட்டிக்கொண்டிருந்தது. அதன் பெயர் மாசானம். கரடிக்குக் கார் எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். கரடி பேசும் என்பதை நம்பிக் கதை கேட்க உட்கார்ந்துவிட்டீர்கள். காரை மட்டும் நம்பமாட்டேன் என்றால் எப்படி?

மலை உச்சியில் பலாமரக் காடு. அடிவாரத்தில் நாரை வைத்தியரின் குளம். இரண்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து இறங்கும் மண்ரோடு. மேலே இருப்பவர்களைக் கீழேயும், கீழே இருப்பவர்களை மேலேயும் கொண்டுபோய் விடுவது மாசானத்தின் தொழில்.

காரின் கூரைமேல் உட்கார்ந்துகொண்டு “போலாம், ரைட்!” என்று கத்துவது கரிச்சான் குருவியின் வேலை. இந்தக் கரிச்சான் எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அப்படியே திருப்பிச் செய்யும். ஒருமுறை ஹாரன் கெட்டுப்போனபோது ஒரு வாரம் முழுக்கக் கரிச்சான்தான் ஹாரன்.

மாசானத்துக்குக் காரின்மேல் உயிர். அதை யாரும் குறை சொல்ல முடியாது. தினமும் கழுவும், துடைக்கும், சந்தனம் பூசும். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் வண்டியை எடுக்காது. ஆனால் பானெட்டை மட்டும் திறக்கவே திறக்காது.

“நல்லா ஓடுற வண்டிய எதுக்கு நோண்டணும்? நோண்டுனாத்தான் கெடும்!” என்று சொல்லும்.

அதற்கு இன்னொரு பழக்கமும் இருந்தது. இறக்கம் வந்தால் கியரை நியூட்ரலில் தள்ளிவிட்டுக் காரைச் சும்மா உருளவிடும். பிரேக்கை மட்டும் அமுக்கி அமுக்கி இறங்கும்.

“மலையே நம்மளத் தள்ளிவிடுது. நாம எதுக்குப் பெட்ரோல வீணாக்கணும்?” இதைச் சொல்லிவிட்டுத் தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளும்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், வேகம் காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது.

“ஏலேய் கரிச்சான்! இங்க வால! வண்டிக்குள்ள ஒரு செவத்தக் கண்ணு என்னையே முழிச்சுப் பாக்கு!”

கரிச்சான் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்துப் பார்த்தது. “இது வெளக்குல்லா ஓனரே! என்னமோ சொல்லுது. பின்சக்கரத்துக்கு உள்பக்கம் எண்ணெய் வடிஞ்சிருக்கு. அதையும் காலையில பாத்தேன்.”

“அது நீ குளிச்ச தண்ணியா இருக்கும்! போன வாரம் அந்த மலையணிலு, ‘காரு என்னமாப் பளபளன்னு இருக்கு’ன்னு வாயப் பொளந்து பாத்துச்சே, அந்தக் கண்ணுதான் இங்க வந்து ஒட்டிக்கிட்டு. இது திருஷ்டில, திருஷ்டி!”

திருஷ்டி என்று முடிவுகட்டிய பிறகு என்ன செய்வார்கள்? மறுநாள் பூஜையில் மாசானம் கெட்டியாகச் சந்தனம் குழைத்தது. விளக்கின்மேல் ஒரு பெரிய வட்டம் அப்பியது. நடுவில் குங்குமம் வைத்தது. சிவப்பு வெளிச்சம் இருந்த இடம் தெரியவில்லை.

“பாத்தியா, ஓடிப்போச்சு!” என்று மாசானம் கொக்கரித்தது.

கரிச்சான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. மாசானம் அந்த வாயில் ஒரு பிடி பொரிகடலையைப் போட்டது. அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

சில நாள் கழித்து, ஒரு மத்தியானம், சருகுமான் பொன்னுத்தாய் ஓடிவந்தது. சருகுமான் முயலைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டியோ கைக்குள் அடங்கிவிடும். அந்தக் குட்டியின் பெயர் கொழுந்து. கொழுந்து மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் ‘கிர்ர்ர்... ஹீக்!’ என்று ஒரு சத்தம்.

“மாசானண்ணே! பிள்ளைக்கு மூச்சு முட்டுது! வைத்தியரய்யாகிட்டக் கொண்டுபோங்க!”

“ஏறு தங்கச்சி! வெயில் சாய்ஞ்சா அவரு கூட்டத்தோட ஏரிக்குப் பறந்துருவாரு. மலையேறி வாங்கன்னு கூப்பிட்டாலும் வரமாட்டாரு. நாமதான் போகணும்!”

பொன்னுத்தாய் பின்சீட்டில் ஏறியது. பெல்ட்டைத் தேடியது. எல்லா பெல்ட்டும் கொக்கியில் மாட்டியபடி சீட்டுக்குப் பின்னால் கிடந்தன.

“என்னண்ணே இது?”

“அது போடலன்னா ‘கீ கீ’ன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு தங்கச்சி. அதான் சும்மா மாட்டி வாய மூடிட்டேன்!”

“போடச் சொல்லித்தானே அது கத்துது? நீங்களும் போடுங்க. போட்டாத்தான் எம்பிள்ளைய ஏத்துவேன்.”

முனகிக்கொண்டே மாசானம் தன் தொப்பைமேல் பெல்ட்டை இழுத்து மாட்டியது. பொன்னுத்தாய் இலைகளை மெத்தையாக வைத்துக் கொழுந்தைப் பெல்ட்டுக்குள் இறுக்கிப் படுக்கவைத்து, தானும் மாட்டிக்கொண்டது. எலுமிச்சம்பழம் நசுங்கியது. “போலாம், ரைட்!” என்றது கரிச்சான்.

முதல் வளைவு தாண்டியதும் வழக்கம்போலக் கியர் நியூட்ரலுக்குப் போனது. கார் சத்தமில்லாமல் உருண்டது. அவசரம் வேறு. வேகம் கூடிக்கொண்டே போனது.

ஒரு பள்ளத்தில் கார் தூக்கிப்போட்டது. காய்ந்துபோயிருந்த சந்தனம் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே சிவப்புக் கண் எரிந்துகொண்டிருந்தது!

“ஐயோ! மறுபடியும் முழிக்குதே!” என்று மாசானம் அலறியது.

பொன்னுத்தாய் சீட்டுகளுக்கு நடுவே எட்டிப் பார்த்தது. “இது எப்ப இருந்துண்ணே எரியுது?”

“பூஜைக்கு முந்தியே வந்துட்டு. திருஷ்டின்னு பொட்டு வச்சு மறைச்சேன்!”

“அண்ணே, புலி வந்தா நாங்க காலால தரையத் தட்டுவோம். அந்தச் சத்தம் கேட்டா எங்க இனத்துல எல்லாரும் நின்னு பாப்பாங்க. காதப் பொத்திக்கிட்டா புலி போயிருமா? அது உங்க காரு காலத் தட்டுறதுண்ணே! வண்டிய நிறுத்துங்க!”

மாசானம் பிரேக்கை அமுக்கியது. பிரேக் பஞ்சுபோல உள்ளே போனது. இன்னொரு தரம் அமுக்கியது. தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது. காரோ நிற்கவில்லை!

“பிரேக் பிடிக்கல தங்கச்சி! பிரேக் பிடிக்கல!”

ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் பள்ளத்தாக்கு. பின்சீட்டில் கொழுந்தின் ‘கிர்ர்ர்... ஹீக்!’. எத்தனையோ வருஷம் ஓட்டிய கரடிக்கு அந்த நிமிஷம் கியர் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதே மறந்துவிட்டது.

“ஏறும்போது உறுமுமே, அந்த உறுமலப் போடுங்க!” என்று பொன்னுத்தாய் கத்தியது. “ரோட்டோரமா நின்னு தினமும் கேக்குறேன். உறுமிக்கிட்டு வர்றப்ப வண்டி நடக்குற மாதிரித்தான் வரும்! கீழ வரும்போதுதான் ஊமையா ஓடும்!”

“உறுமலா? எந்த உறுமல்?” மாசானத்தின் மூளையில் ஒன்றும் ஏறவில்லை.

கூரைமேல் இருந்த கரிச்சான் ஜன்னல் விளிம்புக்குத் தாவியது. மாசானத்தின் காதருகே வாயை வைத்து, மூன்றாவது கியரில் கார் மலையேறும் சத்தத்தை அப்படியே செய்தது. “ர்ர்ர்ர்ரூம்ம்ம்!”

பழகிய கைக்குப் பழகிய சத்தம் போதுமாக இருந்தது. கை தானாகக் கியருக்குப் போனது. மூன்றாவது கியர் விழுந்தது. கார் உறுமியது. வேகம் கொஞ்சம் அடங்கியது. கரிச்சான் குரலைத் தாழ்த்தி இரண்டாவது கியரின் சத்தத்தைப் போட்டது. இரண்டாவதும் விழுந்தது. கார் இன்னும் பலமாக உறுமிக்கொண்டு, மூக்கணாங்கயிற்றை இழுத்த மாடுபோல் அடங்கியது.

“கைபிரேக்க மெதுவா, விட்டு விட்டு இழுங்க ஓனரே! ஒரேயடியா இழுத்தீங்கன்னா சுத்திரும்! இந்தா, பாறப் பக்கம் யானத்தடம் மேல ஏறுது, அதுல விடுங்க!”

கார் யானைகள் நடக்கும் மேட்டுத் தடத்தில் ஏறியது, திணறியது, ஒரு பலாமரத்தில் லேசாக முட்டி நின்றது. பெல்ட்டுகள் எல்லாரையும் பிடித்துக்கொண்டன. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை.

மாசானம் இறங்கிச் சக்கரங்களுக்குப் பின்னால் கல் வைத்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதது. எலுமிச்சம்பழம் வாங்கத் தெரிந்த தனக்கு எண்ணெய் வடிவதைக் குனிந்து பார்க்கத் தெரியவில்லையே என்று அதற்கு வெட்கமாக இருந்தது. உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தது.

“தங்கச்சி, வெயில் சாயுது. உறுமவிட்டே மெதுவா இறக்கிருதேன். ஏறு!”

பொன்னுத்தாய் குட்டியைப் பார்த்தது. கீழே தூரத்தில் குளம் பளபளத்தது. போனால் வைத்தியரைப் பிடித்துவிடலாம். போகும் வழியில் இன்னும் எத்தனையோ வளைவுகள்.

“வேண்டாம்ணே. பிரேக் இல்லாத வண்டில எம்பிள்ளைய மறுபடி ஏத்த மாட்டேன். கரிச்சான், நீ பறந்து போ ராசா!”

கரிச்சான் அம்புபோலப் பாய்ந்தது. குளக்கரையில் நாரை வைத்தியர் சிறகை விரித்துக்கொண்டிருந்தார். கூட்டம் கிளம்பத் தயாராக இருந்தது.

“மலையேறுற வழக்கம் எனக்குக் கிடையாது. நாளைக்குக் கூட்டிட்டு வா” என்றார் அவர்.

கரிச்சான் விடவில்லை. கொழுந்தின் மூச்சை அப்படியே செய்தது. “கிர்ர்ர்... ஹீக்! கிர்ர்ர்... ஹீக்!”

வைத்தியர் விரித்த சிறகை மடக்கினார். தலையைச் சாய்த்தார். “இன்னொரு தடவ செய்.” கேட்டார். அவர் முகம் மாறியது. “நாளைக்கு இல்ல, இப்பவே! இந்த மூச்சுக்கு என்ன பச்சிலைன்னு எனக்குத் தெரியும். வழியக் காட்டு!”

அன்றைக்குத்தான் முதல்முறையாக நாரை வைத்தியர் மலையேறினார். பச்சிலைச் சாறு உள்ளே போனது. எல்லாரும் கொழுந்தின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ‘கிர்ர்ர்’ சத்தம் குறைந்தது. பிறகு ‘ஹீக்’கும் நின்றது. குட்டி நீளமாக ஒரு மூச்சு விட்டுச் சொன்னது: “அம்மா, பசிக்குது!”

பொன்னுத்தாய் அழுதது, சிரித்தது, ஒரே நேரத்தில் இரண்டும் செய்தது. மாசானம் பலாப்பழம் பறிக்க மரத்தில் ஏறிவிட்டது.

மறுநாள் குரங்கு மெக்கானிக் வந்து, பிரேக் எண்ணெய் ஒழுகிய குழாயை மாற்றி, புது எண்ணெய் ஊற்றியது. மாசானம் சாவியைத் திருப்பியது. சிவப்பு விளக்கு ஒரு நொடி எரிந்து அணைந்தது. பொட்டு வைக்காமலே அந்தக் கண் மூடிக்கொண்டது!

அடுத்த ஆயுத பூஜையும் வந்தது. மாசானம் முதலில் பானெட்டைத் திறந்து எண்ணெயைப் பார்த்தது. டயரை அமுக்கிப் பார்த்தது. வண்டிக்கு அடியில் படுத்து ஒழுகல் இருக்கிறதா என்று தேடியது. அதற்கப்புறம்தான் சந்தனம், மாலை, எலுமிச்சம்பழம் எல்லாம்.

முன்சீட்டில் குதித்துக்கொண்டிருந்த கொழுந்து கேட்டது: “மாமா, செவத்தக் கண்ணுக்குப் பொட்டு வைக்கலையா?”

“வைக்காம இருப்பேனா? அதுக்குத்தான் மொதப் பொட்டு!” என்ற மாசானம், விளக்கின்மேல் ஒரு துளிகூடப் படாமல், அதன் பக்கத்தில் சின்னதாக ஒரு பொட்டு வைத்துக் கும்பிட்டது.

கொழுந்தைப் பின்சீட்டுக்கு மாற்றிப் பெல்ட்டை மாட்டினார்கள். “போலாம், ரைட்!” என்றது கரிச்சான். கார் இறக்கத்தில், மெதுவாக, உறுமிக்கொண்டே இறங்கியது.

ஆபத்தைச் சொல்லும் விளக்கை மூடி மறைத்தால் ஆபத்து மறையாது. அது எரிந்தவுடனே வண்டியை நிறுத்திக் கவனிப்பவர்தான் தன்னையும் தன்னை நம்பி ஏறியவர்களையும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்.