நாட்டார் கழுத்தளவு தண்ணியில நின்ன கதை

கால என் வயித்து மேலேர்ந்து எடு. எடுத்தியா? இப்ப கேளு. ஒரு ஊர்ல ஒரு பாட்டு இருந்துச்சு. ராஜா இல்லடி, பாட்டுதான். அத்தைக்கு ராஜா யாரையும் பழக்கமில்ல. ம் சொல்லு.

கடலோர ஊரு. வருஷா வருஷம் மாசியில அம்மனைப் பல்லக்குல தூக்கிக்கிட்டு கடல்ல குளிப்பாட்டப் போவாங்க. டம் டம்னு மேளம், அதுக்கேத்த நடை. கோயில் வாசல்ல தொடங்குற பாட்டு, தண்ணி காலைத் தொடுற இடத்துல முடியணும். நடுவுல நிறுத்தினா ஆகாது. அப்புறம் என்னாச்சு, வருஷத்துக்கு வருஷம் கடல் ஊருக்குக் கிட்ட வந்துச்சு, பாட்டு மிச்சம் நின்னுச்சு. ஊர்த்தலைவர் மாணிக்க நாட்டார் ஒரு சரணத்தை வெட்டிட்டாரு. கடல் இன்னும் கிட்ட வந்துச்சு. இன்னொண்ணை வெட்டினாரு. பாட்டு கரெக்டா முடிஞ்சுது. எல்லாருக்கும் திருப்தி.

கடலுக்கு ரொம்பக் கிட்ட இருந்தது செம்பாயி வீடு. கைக்கொழந்தைக்காரி. அலை தொம்முனு சுவத்துல அடிச்சா புள்ளயத் தூக்கி மடியில வச்சுக்குவா. பயம்டி, வேறென்ன. ஊருக்கு மேக்கால மேட்டு நெலம் சும்மாதான் கெடந்துச்சு. அங்க குடி போறேன்னு அவ கேட்டா, "அங்க நல்வரவு வளைவு கட்டப்போறோம்"னாரு நாட்டாரு.

தூங்கிட்டியா? ம் சொல்லு.

அப்போ அந்த ஊருக்கு ரெண்டு பேரு வந்தாங்க. மெஹருன்னிசான்னு ஒரு விஞ்ஞானி, கடலை அளக்கிறவ. தங்கையான்னு ஒரு தமிழ் வாத்தியாரு, பழைய பாட்டைச் சேக்கிறவரு. ஒரே இட்லிக் கடையில சாப்பிட்டாங்க, ஆனா பேசிக்கல. இவ படிப்பு அவருக்கு வறட்டுக் கணக்கு, அவர் படிப்பு இவளுக்கு வெட்டிப்பேச்சு.

மொதல்ல மெஹருன்னிசா கோடு போட்டுக் காட்டினா. "புகையால பூமி சூடாகுது நாட்டாரே. சூட்டுல கடல் உப்புது, தூரத்துல பனி உருகி அதுல சேருது. எங்கயோ கடலுக்குள்ள தடுப்புக் கல்லைக் கொட்டினதால இங்க மணலும் வந்து சேர்றதில்ல." நாட்டாரு பாத்தாரு. "கோடு நல்லாருக்கு. கொஞ்சம் கலர் போட்டிருக்கலாம்."

அப்புறம் தங்கையா, வெட்டின சரணத்தையெல்லாம் வீடு வீடா கேட்டுச் சேத்து, பாடிக் காட்டினாரு. அதுல வர்ற தென்னந்தோப்பு, வலை காயப்போட்ட மணலு, எதுவும் இப்ப இல்ல. ஊரே மூக்கைச் சிந்துச்சு. நாட்டாருந்தான். சிந்தி முடிச்சு, "சரி, சோறு ஆறுது"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க.

செம்பாயிக்கு வந்துச்சே கோவம்! இட்லிக் கடைக்கே போயி ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னா. "படிச்சவங்க ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசித்தான் தொலைங்களேன். என் புள்ள முங்கிப் போயிடும்!"

பேசினாங்க. இட்லி காய்ஞ்சு போற வரைக்கும் பேசினாங்க. மேளம் மாறல, நடை மாறல, அப்போ பாட்டு நீளம்தானே பழைய கரையோட தூரம்? மெஹருன்னிசா இட்லியைக் கீழ வச்சுட்டா.

மாசி வந்துச்சு. "இந்தத் தடவை முழுப் பாட்டு"ன்னாரு தங்கையா. "பாடுங்க, அம்மனுக்கு நல்லதுதானே"ன்னு நாட்டாரு பல்லக்கோட முன்தண்டைத் தோள்ல வச்சாரு. டம் டம். தண்ணி காலைத் தொட்டுச்சு, பாட்டு பாதிகூட ஆகல. நிறுத்தினா ஆகாதே! சளக் புளக்னு நடந்தாங்க. முட்டி வரைக்கும் தண்ணி. அப்புறம் இடுப்பு. அப்புறம் கழுத்து. நாட்டாரு வேட்டி தனியா கெளம்பிப் போயிடுச்சு.

என்னது, அம்மன் நனைஞ்சுச்சாவா? குளிக்கத்தானே வந்துச்சு.

"நிறுத்துய்யா பாட்டை!"

"நிறுத்தலாமா நாட்டாரே?"ன்னு கேட்டுட்டு தங்கையா பாடினாரு.

அலைக்கு அந்தாண்ட படகுல இருந்து மெஹருன்னிசா கூப்பிட்டா. "பாட்டு முடியிற எடம் இங்க இருக்கு நாட்டாரே! இதான் உங்க பழைய கரை. கடல் இன்னும் ஏறும், அந்தக் கணக்கு என்கிட்ட இருக்கு. அடுத்து எதை வெட்டுவீங்க?"

நாட்டாரு திரும்பிப் பாத்தாரு. அங்கேர்ந்து பாத்தா கரையில ஒண்ணுதான் தெரிஞ்சுது. செம்பாயி வீட்டு வாசல், அதுல புள்ளயோட செம்பாயி. "மேட்டு நெலத்தை அவளுக்கும் கடலோர முன்வரிசை வீட்டுக்காரங்களுக்கும் குடுத்துடுங்கப்பா. வளைவு ஒரு மயிரும் வேணாம்"னாரு. நீ அந்த வார்த்தையைச் சொல்லக்கூடாது.

ஐப்பசியில புயல் அடிச்சுது. ஹோ...ன்னு. விடிஞ்சதும் செம்பாயி மேட்டுல நின்னு பாத்தா. பழைய வீடு இருந்த எடத்துல தண்ணி. அவ அழுதா. வீடு போச்சேன்னும் அழுதா, இடுப்புல புள்ள இருக்கேன்னும் அழுதா.

அவ்ளோதான். கதை கரையேறிடுச்சு, கண்ண மூடு.