கிணற்று ஆமை வாய் மூடிய கதை

மனிதர் பேச்சு பிராணிகளுக்கும், பிராணிகள் பேச்சு மனிதருக்கும் புரிந்த அந்தக் காலத்தில், ஆமைகள் குளங்களில்தான் இருந்தன. கிணற்றுக்குள் ஆமை என்றால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அதற்கு அங்கே என்ன வேலை?

கொங்கு நாட்டில் ஒரு தோட்டம். நஞ்சப்பன் என்ற குடியானவனும் அவன் மனைவி கருப்பாத்தாளும் அங்கே இருந்தார்கள். ஒரு கோடையில் அவர்கள் கிணற்றுத் தண்ணீர் வற்றி, பாசி பிடித்து, புழு நெளிந்தது. அதைக் குடித்த அவர்கள் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. கருப்பாத்தாள் குளக்கரைக்கு ஓடினாள். அங்கே பாசி மேய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் ஆமையிடம் அழுதாள்.

“எங்க கெணத்துக்கு வந்து அந்தப் பாசியெல்லாம் தின்னு போடு தாயி. என்ற கொழந்தை பொழைச்சுக்கும்.”

“வரலாம் அம்மணி. ஆனா என்ற வயித்துல முட்டை இருக்குது. மழைக்கு முன்னால கரையில குழி தோண்டிப் போடோணும். உங்க கெணத்துல சுத்தியும் கல்லு. நான் எங்க போய்த் தோண்டறது?”

“தண்ணி தெளிஞ்ச அன்னிக்கே உன்னய மேல தூக்கி, என்ற கையால இந்தக் கொளத்துல கொண்டாந்து உட்டர்றேன். என்ற கொழந்தை மேல சத்தியம்.”

பெற்றவளே சொல்கிறாள், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று ஆமை நினைத்தது. பாவம், மனிதர்களோடு அதற்கு அதிகப் பழக்கமில்லை.

வாளியில் இறங்கிய ஆமை ஓய்வில்லாமல் உழைத்தது. சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போகலாமே. சுவரில் இருந்த பாசியைச் சுரண்டித் தின்றது. புழுக்களைத் தின்றது. விழுந்து செத்த தவளையைக்கூட விட்டுவைக்கவில்லை. தண்ணீர் தெளிந்து அடியில் கிடந்த கல் தெரிந்தது. குழந்தையும் தேறிவிட்டது.

“அம்மணி, வாளிய உடு!” என்று ஆமை கூப்பிட்டது.

கருப்பாத்தாள் வாளியை விட்டாள். ஆமை அதில் ஏறிக்கொண்டது. கயிறு மேலே வர வர, முதுகில் வெயில் பட்டது. அப்போதுதான் நஞ்சப்பன் வாயைத் திறந்தான்.

“ஏம்புள்ள, இது போயிட்டா மறுபடியும் பாசி புடிக்காதா?”

கருப்பாத்தாள் இடுப்பில் இருந்த குழந்தையைப் பார்த்தாள். பிறகு ஆமையைப் பார்த்தாள்.

“இந்த மழை போகட்டும்” என்றாள்.

“மழைக்கு முன்னால முட்டை போடோணும்னு சொன்னனே!”

“அங்கயே போட்டுக்க. எடமா இல்ல?” என்று சொல்லி வாளியைக் கவிழ்த்துவிட்டாள்.

வேலையை ஒழுங்காகச் செய்ததுதான் ஆமை செய்த தப்பு. பாதிப் பாசியை மிச்சம் வைத்திருந்தால், உதவாக்கரை என்று அவர்களே தூக்கி வெளியே எறிந்திருப்பார்கள்.

ஆமை சுவரைப் பிராண்டிப் பார்த்தது. நகம்தான் தேய்ந்தது. கடைசியில் முட்டைகளைத் தண்ணீரிலேயே விட வேண்டியதாயிற்று. அவை அடியில் போய்க் கிடந்தன. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்ததால், மேலிருந்து பார்த்தவர்களுக்கெல்லாம் அவை தெரிந்தன. ஒன்றுகூடப் பொரியவில்லை. பிறகு அழுக ஆரம்பித்தன.

கருப்பாத்தாள் எட்டிப் பார்த்தாள். “ஏ ஆமை, தண்ணி நாறுதே? கொழந்தை குடிக்கற தண்ணியல்லோ? உன்ற வேலையப் பாரு!”

ஆமை தன் வேலையைப் பார்த்தது. தான் இட்ட முட்டைகளை ஒவ்வொன்றாகத் தானே தின்று தீர்த்தது.

தண்ணீர் மறுபடியும் இளநீராய் இனித்தது. ராசியான ஆமை என்று ஊரே பேசியது. ஆளாளுக்கு ஓர் ஆமையைப் பிடித்துவந்து தங்கள் கிணற்றில் போட்டார்கள். சத்தியம் செய்யும் சிரமத்தைக்கூட அதற்குப் பிறகு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

கருப்பாத்தாள் நன்றி சொல்ல வந்து, “தாயி, தாயி” என்று கூப்பிட்டாள். ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டு அடியில் போய்விட்டது.

அன்றிலிருந்துதான், கிணற்றுக்கு மேலே மனித முகம் தெரிந்தாலே ஆமை வாயை மூடித் தலையை இழுத்துக்கொள்கிறது. பயந்த பிராணி என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். அதற்கு நம் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.